உட்கார இடம் கேட்ட அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

பழைய நூல் மில் ஒன்றைப் பழுது பார்த்து எங்கள் அலுவலகமாக்கி, போன ஆவணியில் பால் காய்ச்சினோம். வருசம் திரும்பிவிட்டது. அன்றைக்கு வந்தவர்களுக்கு இலை போடுவதிலும், போன கரண்டைத் தேடி ஆள் அனுப்புவதிலும் பொழுது போய்விட்டது. யாருக்கும் வாயாரக்கூட நன்றி சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால், நாங்கள் கூப்பிடுகிற விதத்திலேயே எழுதுகிறேன்.

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் துரை மில் தொடங்கினார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் முழுக்க மில்லும் சங்கும் பெருகியது 1930களில், நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு. சிங்காநல்லூர்ப் பக்கம் நாங்கள் பிடித்த கட்டடம் அந்த இரண்டாவது ஈட்டைச் சேர்ந்தது. நூல் ஓட்டம் நின்று பல வருசமாகி, கடைசியில் மூட்டை அடுக்கும் குடோனாகக் கிடந்தது. இடித்து மனை பிரித்திருந்தால் உரிமையாளர் வீட்டாருக்கு எங்கள் வாடகையைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். "தாத்தா கட்டுனது, நிக்கற வரைக்கும் நிக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்தார்களே, முதல் நன்றி அவர்களுக்கு.

அடுத்தது கொத்தனார் ஐயாவுக்கு. இதில் எங்கள் வெட்கக்கேடு ஒன்றும் இருக்கிறது. பழைய கட்டடம் என்றால் செங்கல் தெரிய வேண்டும், அதுதான் அழகு என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. காபிக் கடைகளைப் பார்த்து வந்த நோய். ஆள் வைத்துக் கம்பி பிரஷ்ஷால் ஒரு சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டோம். மூன்றாம் நாள் அவர் வந்து பார்த்தார். தேய்த்த கல்லில் நகத்தை வைத்துக் கீறினார். மாவாகக் கொட்டியது. "சூளையில வெந்த தோலை உரிச்சுப் போட்டீங்க. இனி மழை தண்ணியைப் பூராக் குடிக்கும்" என்றார். பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன் யாரோ சிமெண்டு பூசியிருந்த தெற்குச் சுவரையும் காட்டினார். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் உப்புப் பொரிந்து நின்றது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவர் இஷ்டம். சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார்கள். தொட்டி கட்டிச் சுண்ணாம்புக் கல்லை நீற்றினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் புளித்த வாடை எங்கள் சட்டையிலேயே இருந்தது. அவசரப்படுத்தினோம், அவர் அசையவில்லை. சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகும், அதற்கு அதன் நேரம் வேண்டும் என்று ஒரே பதில். திறப்பு நாள் தள்ளிப்போனது. இந்தக் கோடையில் மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்த ஒருவர் "ஏசி எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார், ஐயா. அது உங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய கேள்வி.

கட்டடக்கலை படித்த தம்பிக்கும் தங்கைக்கும்: ரம்பப் பல் மாதிரிக் கூரையையும், அதில் வடக்குப் பார்த்த கண்ணாடியையும் நீங்கள் காப்பாற்றினீர்கள். அந்தக் கூரை இங்கிலாந்து மில்களிலிருந்து வந்த யோசனை. அங்கே வடக்குக் கண்ணாடியில் வெயில் நேராக விழுவது அபூர்வம். நம் ஊரிலோ சித்திரை பிறந்து ஒரு வாரத்துக்குள் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது, திரும்புவது ஆவணி முதல் வாரம் கழிந்துதான். நாலு மாதம் மேசை மேசையாக வெயில். படத்தில் இதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். ஆனால் விடை சொன்னது ஒரு பழைய ஃபிட்டர்தான்: "சித்திரையில கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மழை கழுவிட்டுப் போயிரும்." அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கழற்றி மாட்டும் மூங்கில் தட்டிகளை வரைந்தீர்கள். போன வாரம்தான் கழற்றிப் பரணில் ஏற்றினோம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சாருக்கு: தூண்கள் வார்ப்பிரும்பு, வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் என்று வெல்டரின் கையைப் பிடித்து நிறுத்தினீர்களே, அதற்கு. எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு: சுவரில் ஒரு காடிகூட வெட்டாமல், மெஷினுக்கு அடியில் ஓடிய பழைய டிரெஞ்சுகளிலேயே (தரைக்குள் வெட்டிய நீளப் பள்ளங்கள்) ஒயர் முழுவதையும் இழுத்ததற்கு. அதற்கு முன் அந்த டிரெஞ்சுகளிலிருந்து கோணி கோணியாகப் பஞ்சு வாரிய பிள்ளைகளுக்கு. ஒரு பொறி போதும் என்று தெரிந்தே இறங்கினார்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடுகளை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டு முழுசு முழுசாக இறக்கியவர்களுக்கும்.

இனி, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்த ரீலிங் அம்மா.

வேலை பாதியில் இருக்கும்போது ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "கேட்டுல சோதனை போட்டுத்தான் உடுவாங்க கண்ணு, அந்தப் பயம் இன்னும் போகல" என்று சிரித்தீர்கள். ரீலிங்கில் பல வருசம் நின்ற கால். உள்ளே கூட்டிப்போய் எங்கள் திட்டப்படத்தைப் பெருமையாக விரித்தோம். வரவேற்பறை, சோபா, மீட்டிங் அறை, மாடியில் புத்தக மூலை. எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "பெருக்கறவ எங்க உக்காருவா? கேட்டுல நிக்கற பையன்?"

படத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. 42 பேருக்கு விதவிதமான இருக்கை யோசித்தவர்கள், அந்த ஆறு பேரை மறந்திருந்தோம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு 2021இல்தான் வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். நின்றே தேய்ந்த கால்களுக்கு அது எவ்வளவு பிந்தி வந்த செய்தி. வரவேற்பறை சோபாவை அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். அந்தப் பணத்தில்தான் முன்சுவர் நெடுக, பழைய மெஷின் மேடைக் கற்களைப் போட்டு, திண்ணை. பார்சல் கொண்டுவரும் பையன்களும் வெயில் தாழ அதில்தான் உட்காருகிறார்கள். வந்தவர்கள் முதலில் பாராட்டுவது அந்தத் திண்ணையைத்தான், எங்கள் விளக்குகளை இல்லை.

பின்கட்டில் ஓர் அறை, விட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். சாமான் தூக்க என்று நினைத்து அறுக்கச் சொல்லியிருந்தோம். நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். "மூணாவது கொக்கி எம்பையனுது" என்றீர்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. 1976இல் அதை 30 ஆக்கினார்கள். எங்களைப் போன்ற அலுவலகத்துக்கு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் வந்தபின், 50 பேர் இருந்தால்தான் கட்டாயம். நாங்கள் அதற்குக் குறைவு, தப்பித்துக்கொள்ளலாம். கொக்கியைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு யாருக்கும் வாயில் வரவில்லை. அங்கே இப்போது மூன்று தொட்டில். மூன்றாவது கொக்கியில் எங்கள் கணக்குப் பார்க்கும் பெண்ணின் மகள் தூங்குகிறாள். நீங்கள் வந்து ஆட்டிவிட்டுப் போனதைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம், தருகிறேன்.

எதிர்ச்சாரி டீக்கடை அண்ணனுக்கு, எட்டு மாதக் கடன் நோட்டுக்காக. சுற்றுவட்டார வீடுகளுக்கு, தூசியைப் பொறுத்துக்கொண்டதற்காக. மறுபடி சங்கு ஊதச் சொல்லிக் கேட்கிறீர்கள், "அதை வெச்சுத்தான் உலை வெப்போம்" என்கிறீர்கள். ஆயுத பூசை அன்றைக்கு ஒரு முறை ஊதுகிறோம். தினமும் என்றால் எங்கள் ஆட்கள் மதியம் பன்னிரண்டுக்கே எழுந்து போய்விடுவார்கள்.

கடைசியாகக் கூரை வேலை பார்த்த அண்ணனுக்கு. ரம்பப் பல் கூரை என்றால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தகரக் காடிதான் உயிர் என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டே ஈயம் வைத்தீர்கள். ஒன்பது காடியில் எட்டு சொட்டுக் கசியவில்லை. அந்த மூன்றாவது மட்டும் வாளி கேட்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் அண்ணா. ஏணி இங்கேயே இருக்கிறது.