இறங்கும்போதுதான் இருக்கு, மாப்ள

கோயம்புத்தூர்
நவம்பர் 9

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து ஆறு மாசமாச்சு. வாட்ஸப்புல "ம்", "சரி"ன்னு போட்டே ஒப்பேத்திட்டு இருந்தேன். திட்டணும்னா இங்கயே திட்டி முடிச்சுக்கோ.

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு, இப்ப சீரியல் வில்லியோட மூக்குத்திக் கல்லுல எத்தனை விழுந்திருக்குன்னு எண்ணிச் சொல்றாங்க. நம்ம கூட்டாளி ஒட்டடை வீடு மாத்திட்டான். எனக்குத் தர வேண்டிய பணத்தை மட்டும் பழைய வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டான் போல.

விஷயத்துக்கு வர்றேன். "மார்ச்சுல நானும் வெள்ளியங்கிரிக்கு வர்றேன், நடக்கறதுதானடா, என்ன பெரிய வித்தை"ன்னு எழுதியிருக்கியே, அதுக்குத்தான் இந்த லெட்டரே. போன ஏப்ரல்ல நடந்ததை நான் யார்கிட்டயும் முழுசா சொல்லல. வெள்ளியங்கிரியோட ஏழு மலையும் ஏறினேன், அது பொய்யில்ல. எப்படி இறங்கினேன்னு மட்டும் யாரும் கேக்கல, நானும் வாயத் திறக்கல.

ராத்திரி பத்து மணிக்கு அடிவாரத்துப் பூண்டியில தடி வாங்கிட்டுக் கிளம்பினேன். விடியறப்ப ஏழாவது மலையில நிக்கறேன், குளிர்ல பல்லு தந்தியடிக்குது, ஆனா மனசு ஜம்முனு இருக்கு. ஆண்டி சுனையில குளிச்சப்பகூட ஒண்ணும் தெரியல. திரும்பி வர்றப்ப வெள்ளை விநாயகர் கோயிலைத் தாண்டிப் படிக்கட்டுல காலை வெச்சேன் பாரு, ரெண்டு தொடையும் தையல் மிஷின் மாதிரி தடதடன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. காலை வெச்சா நிக்கல. கடைசியில கைக்குழந்தை மாதிரி படிப்படியா உக்காந்து உக்காந்து இறங்கினேன். எழுபது வயசிருக்கும் ஒரு பெரியவர், வெறுங்காலோட, "சாமி, உக்காராதீங்க, உக்காந்தா அப்பறம் எந்திரிக்க வராது"ன்னு சொல்லிட்டே தாண்டிப் போனார். அந்த அவமானம் இன்னும் போகல. வீட்டுக்கு வந்து நாலு நாள் கக்கூஸ்ல குழாயைப் பிடிச்சுத் தொங்கின கதை தனி.

இத்தனைக்கும் நான் பயிற்சி இல்லாமப் போகல. ரெண்டு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம மருதமலை. 837 படியும் நடந்து ஏறுவேன். ஏறிட்டு? பஸ்ல இறங்கிடுவேன்! அங்கதான் கோட்டை விட்டேன்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது உடம்பு முன்னாடி விழாமப் பிடிச்சு நிறுத்தறதும் அதே தசைதான், ஆனா இழுபட்டு நீண்டுக்கிட்டே தாங்குது. அந்த இழுவையிலதான் உள்ளுக்குள்ள பொடிப்பொடியா கிழிசல் விழுது. அதனாலதான் அன்னைக்கு விட மறுநாள், அதுக்கு மறுநாள் வலி உச்சம். ஜிம்முக்குப் போற பசங்க "லாக்டிக் ஆசிட்"ம்பாங்க. அது ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல அடங்கிப் போற சமாச்சாரம். இதுல நல்ல சேதியும் ஒண்ணு உண்டு. ஒரு தடவை அளவா இறங்கி வலி பட்ட தசை, அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கத்துல அவ்வளவா அடி வாங்காது. அதனால இப்ப சில ஞாயிறு பஸ்ல ஏறி, படியில நடந்து இறங்கறேன். டிக்கெட் குடுக்கறவர் என்னை ஒரு மாதிரிதான் பாக்கறார்.

இன்னொரு மடத்தனமும் பண்ணினேன். ஆறு வாரத்துல மூச்சு வாங்கறது நல்லாவே குறைஞ்சது. ஆகா, தேறிட்டோம்னு ஜூலையில முதுகுப் பையில பன்னெண்டு லிட்டர் தண்ணி கேனை வெச்சு ஏறினேன். குதிகாலுக்கு மேல, தசையை எலும்போட கட்டற அந்த நாண் வீங்கி மூணு வாரம் நொண்டினேன். மூச்சு சீக்கிரம் பழகிடுதுடா. நாணும் மூட்டும் மாசக்கணக்குல, அதும் இஷ்டத்துக்குத்தான் பழகும். இப்ப ரெண்டு லிட்டர்ல ஆரம்பிச்சு ஏத்திட்டு இருக்கேன்.

நீ தொடங்கறது இப்படித்தான். முதல்ல மலையும் வேண்டாம், படியும் வேண்டாம். வாரத்துல நாலு நாள் முக்கால் மணி நேரம், பேசிக்கிட்டே நடக்கற வேகத்துல நட. ஒரு வாக்கியத்தை முழுசா சொல்ல முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். வாயை மூடாத உனக்குன்னே செஞ்ச பயிற்சி இது. நம்ம ஹாஸ்டல் வார்டன் கேட்டா மனுஷன் அழுதுடுவார்.

இதையெல்லாம் விட முக்கியமானதைக் கடைசிக்கு வெச்சிருக்கேன். தீபாவளிக்கு வந்தப்ப எங்க வீட்டு மூணாவது மாடி ஏறி வந்து நெஞ்சைத் தடவிக்கிட்டு நின்னே. "கேஸ்டா"ன்னே. நானும் ஓமவாட்டர் குடுத்து அனுப்பிட்டேன். உங்கப்பாவும் அப்படித்தான் சோடா குடிச்சுட்டுப் படுத்தார், ஞாபகம் இருக்கா? அவருக்கு நாப்பத்தெட்டு. நமக்கு இப்ப அம்பத்தொண்ணு. 2024 மார்ச்சுல இந்த மலையில அடுத்தடுத்துப் பலபேர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலிச்சும் செத்துப் போனாங்க. நடு ராத்திரியில அஞ்சாவது மலையில ஒருத்தனுக்கு ஏதாவதுன்னா ஆம்புலன்ஸ் வராது, டோலியில தூக்கித்தான் இறக்கணும். அந்தப் படியில தூக்கிட்டு இறங்கறவன் காலை நினைச்சுப் பாரு.

அதனால நடக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஹார்ட் டாக்டரைப் பார்த்து, அந்த நெஞ்சு விஷயத்தை மறைக்காமச் சொல்லு. டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொன்னா எடு. தங்கச்சிகிட்ட நான் போன்ல சொல்லிட்டேன், அதனால தப்பிக்க முடியாது. சண்டைக்கு வராதே.

போன தடவை வாங்கின மூங்கில் தடி பத்திரமா இருக்கு. உங்க அக்கா அதை வெச்சு முருங்கைக்காய் பறிச்சுட்டு இருக்கா. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, அவகிட்ட இருந்து தடியை வாங்கி வெக்கறேன்.

உன்
கட்டையன்