குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: எடுத்ததும் எடுக்க முடியாததும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

குளத்தைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, வரத்துக் கால்வாயைச் சீர் செய்யும் திருப்பணி முடிந்துவிட்டது. கரை வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரிந்திருந்த வடகரைக்கு மண் அணைத்துக் கெட்டித்தோம், பெயர்ந்த படிக்கற்களைத் திரும்பப் பதித்தோம், மதகுப் பலகையை மாற்றினோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனித்தாளாக இதனுடன் வருகிறது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி வேறொரு விஷயத்துக்குப் போகிறது. திட்டம் போட்டபோது ‘குப்பை அகற்றல்’ என்று ஒரே வரியில் எழுதி வைத்திருந்தோம். திருப்பணியில் பாதி நாளுக்கு மேல் அந்த ஒரு வரிக்கே செலவானது.

முதல் வாரம் மிதந்ததை எடுத்தோம். வலை போட்டு இழுத்து, கரையில் குவித்து, படம் எடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பினோம். பாராட்டும் வந்தது. குளம் சுத்தமாகிவிட்டது என்றே நாங்களும் நம்பினோம். தண்ணீரை வடித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. கரையோரம் பாட்டில் மூடிகள் ஏராளமாக ஒதுங்கியிருந்தன, அத்தனை மூடிக்கும் உரிய பாட்டில்களை நாங்கள் எடுத்திருக்கவில்லை. அவை அடியில் கிடந்தன. தண்ணீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ வகைப் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது. மூடி இறுகி உள்ளே காற்று இருக்கும்வரைதான் பாட்டில் மிதக்கும், தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும். மூடியோ வேறு வகை, தண்ணீரைவிட லேசு, அது மேலேயே சுற்றும். பாலித்தீன் பையும் மிதக்கும் வகைதான் என்றாலும், நாள்பட்டால் பாசி படிந்து, மண் ஒட்டி, கனத்து இறங்கிவிடுகிறது. கரையில் நின்று பார்த்துவிட்டு ‘இப்போது குளம் எவ்வளவு நன்றாக இருக்கிறது’ என்று சொன்னவர்களில் இந்த அறிக்கையை எழுதுபவனும் ஒருவன்.

சேற்றை வெட்டியபோது மண்வெட்டி இறங்க மறுத்தது. கல்லோ வேரோ என்று பார்த்தால் எதுவும் இல்லை. வண்டலுக்குள் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தாள் தாளாகப் படிந்திருந்தன. செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தோம். கறுப்புச் சேறு, அதன்கீழ் வெள்ளைக் கோடாக ஒரு பை, மறுபடி சேறு, பிறகு நீலமாக ஒன்று, அப்புறம் நசுங்கிய டம்ளர்கள், தெர்மாகோல் துண்டு, மறுபடி சேறு. ஏறக்குறைய முழங்கை ஆழத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் வந்தது. கழுவியதும் அதில் அச்சிட்டிருந்த தேதியைப் படிக்க முடிந்தது. அதை எடுத்த பையனைவிடப் பாக்கெட்டுக்கு வயது அதிகம்.

அன்று சாயங்காலம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு பைகள் கிடைத்தன, ஒரே நிறம், ஒரே எழுத்து. ஒன்று கரைமேட்டில் பல வருடம் வெயிலில் கிடந்தது, இன்னொன்று சேற்றுக்குள்ளிருந்து வந்தது. சேற்றுப் பையை அலசி உதறினால் கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்ததுபோல் இருந்தது, அதில் மண் அள்ளிக்கூடப் பார்த்தோம். வெயிலில் கிடந்த பையைத் தூக்கியதும் அப்பளம்போல் நொறுங்கிக் கையில் காதுப்பிடி மட்டும் நின்றது. மீதி காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், “பரவாயில்லையே, இது தானாக மக்கிவிட்டதே” என்றார். மக்கவில்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டுப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து அது துண்டாகிறது, பிறகு துகளாகிறது. துகளும் பிளாஸ்டிக்தான். ஒளியும் காற்றும் எட்டாத சேற்றில் அந்தச் சிதைவுகூட நடப்பதில்லை.

இந்தத் துகள்களுக்கு ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்ற பெயரைப் பரவலாக்கியது 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழு வெளியிட்ட கட்டுரை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை இன்று அப்படி அழைக்கிறார்கள். நாங்கள் ஒரு வாளிச் சேற்றைக் கரைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் ஊற்றிப் பார்த்தோம். வேரும் கிளிஞ்சலும் போக, சிவப்பு, நீலம், வெள்ளை என்று பொடிகள் நின்றன. சாக்கு, கயிறு இவற்றின் நூல் நூலான இழைகளும் நின்றன. சல்லடைக் கண்ணைவிடச் சின்னது எவ்வளவு கீழே போனதோ. ஒரு வாளிக்கு இது என்றால் குளத்துக்கு என்ன கணக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருப்பதாகச் சொன்னார்கள். அது உடம்புக்குள் என்னென்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ‘குளம் முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது’ என்று கல்வெட்டில் பொறிக்கலாம் என ஒரு யோசனை வந்தபோது குழு ஒத்துக்கொள்ளாததற்கு அந்தச் சல்லடைதான் காரணம். ‘தூர் வாரப்பட்டது’ என்று மட்டும் பொறித்திருக்கிறோம்.

பைகள் தாள் தாளாகப் படிந்திருந்ததன் விளைவு தண்ணீரிலும் தெரிந்தது. குளத்தின் அடியில் தார்ப்பாய் விரித்தது போலத்தான் அது. மேலே தேங்கிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் வெயிலுக்கே போயிருக்கும். இப்போது அந்த அடுக்கை எடுத்துவிட்டோம். சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் ஏறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு மழையை வைத்து அப்படிச் சொல்வது அவசரம் என்பது எங்கள் கருத்து.

எடுத்துக் கரையில் போட்டாயிற்று. சரி, அதை எங்கே கொண்டுபோவது? திருப்பணியில் எங்களுக்குத் தூக்கம் கெட்டது இந்தக் கேள்வியால்தான். பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் பார்த்துப் பிரித்தோம். 1988இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த முறை அது. எண் சொல்வது இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும், திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். பழைய பொருள் எடுப்பவர் வந்து 1ஆம் எண் பாட்டில்களையும் 2ஆம் எண் கெட்டிக் கேன்களையும் கழுவித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சேறு ஏறிய மெல்லிய பையை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே வெள்ளிபோல் மின்னும் பாக்கெட்டுகளுக்கு அதுகூட இல்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது அது, பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

நம் குவியலில் நடந்ததுதான் உலகத்திலும் நடந்திருக்கிறது. 1950இல் உலகம் ஓராண்டில் செய்த பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன், 2015இல் சுமார் 38 கோடி டன். அதுவரை மொத்தம் 830 கோடி டன் செய்து, அதில் 630 கோடி டன் குப்பையானது என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. அந்த 79இல் கொஞ்சம் நம் கரையிலும் இருக்கிறது.

ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்கிறோம். குவியலுக்குக் காவல் போடாமல் விட்டோம். ஒருநாள் இரவு யாரோ தீ வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தோன்றவில்லை, தொல்லை தீரட்டும் என்று நினைத்திருக்கலாம். குழாய்த் துண்டுகளும் ஒயர் உறைகளும் அந்தக் குவியலில் இருந்தன. அவை பிவிசி, குளோரின் கலந்தது. அதைத் திறந்தவெளியில் அரைகுறையாக எரித்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது உடம்புக் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் போகாது. பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் இரவெல்லாம் இருமினார்கள். அவர்களிடம் குழு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. மிச்சத்தைப் பிறகு உலர்த்தி, கட்டி, சிமென்ட் ஆலையின் உலைக்கு அனுப்பத் தொடங்கினோம். 1400 டிகிரிக்கு மேல் சுடும் உலை அது. நல்ல தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை, கையில் இருந்தவற்றில் கெடுதல் குறைந்தது.

கூட்டத்தில் ஓர் உறுப்பினர், பிளாஸ்டிக் தின்னும் கிருமியை ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்களே, அதை வாங்கி விடலாமே என்று கேட்டார். கண்டுபிடித்தது உண்மை, 2016இல் அறிவித்தார்கள். ஆனால் அது தின்பது ‘பெட்’ வகையை மட்டும். ஆய்வகத்தில் இதமான சூட்டில் வைத்துக் கொடுத்த மெல்லிய படலத்தைத் தீர்க்கவே அதற்கு 6 வாரம் ஆனது. நம் சேற்றில் இருந்ததோ பெரும்பாலும் பாலித்தீன். இன்னொருவர், இனி எல்லாரும் மக்கும் பை வாங்கினால் போதும் என்றார். முன்பு சொன்ன அதே பிளிமத்தில், ‘மக்கும்’ என்று அச்சிட்ட பையை 3 ஆண்டு மண்ணிலும் கடல் நீரிலும் போட்டு வைத்திருந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பையில் அப்போதும் முழு மூட்டைச் சாமான் தூக்க முடிந்தது.

இனி வரத்துக் கால்வாய். குளத்துக்குள் வந்ததெல்லாம் இந்த வழியில்தான் வந்தது, எனவே வாயிலேயே மறிப்பது என்று முடிவு செய்தோம். முதலில் போட்டது பொடிக்கண் கம்பி வலை. முதல் மழையிலேயே இலையும் பையுமாக அப்பிக்கொண்டு வலை சுவராகிவிட்டது. தண்ணீர் எதிர்த்துத் தெருவில் ஏறியது. பங்களாதேஷில் 1988, 1998 வெள்ளங்களின்போது வடிகால்களை அடைத்தது மெல்லிய பாலித்தீன் பைகள்தான் என்று கண்டு, 2002இல் அந்த நாடு அவற்றுக்கு முழுத் தடை போட்டது. உலகத்தில் முதலில் தடை போட்டதும் அவர்கள்தான். நாங்கள் செய்தது அந்த வெள்ளத்தின் குட்டி நகல். வலையைப் பிடுங்கிவிட்டுச் சாய்வாகக் கம்பி நட்டோம். குப்பை மேல்நோக்கி ஏறி நிற்கும், தண்ணீர் அடியில் போய்விடும். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. வருகிற குப்பையைக் குறைக்கப் பேசுவதா, வந்ததை அள்ளுவதோடு நிறுத்துவதா என்ற சண்டையும் கூடவே வந்தது. 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் பிளாஸ்டிக் ஒப்பந்தம் செய்வதாக முடிவெடுத்து, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உடன்பாடில்லாமல் கலைந்ததும் இதே சண்டையில்தான்: உற்பத்திக்கு வரம்பு வைப்பதா, குப்பையை மட்டும் பார்ப்பதா. நாங்கள் கம்பி இடைவெளியிலாவது ஒத்துப்போனோம், மூன்று விரல்.

பொடி ஷாம்பு பாக்கெட் அந்த மூன்று விரலில் தாராளமாக நுழைந்து போகிறது. அது தெரிந்துதான் வைத்தோம், இன்னும் நெருக்கினால் தெருவில் வெள்ளம்.

ஒவ்வொரு மழை நின்றதும் கம்பியை வாரிவிட வேண்டும். முறை வைத்துப் பட்டியல் எழுதி மதகுக்கு அருகில் ஒட்டியிருக்கிறோம். நீளக் கரண்டி இரண்டு, சாக்குக் கட்டு ஒன்று கால்வாய் ஓரத்துப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. சென்ற இரண்டு மழைக்கும் முறைக்காரர்கள் வரவில்லை, பொருளாளரே வாரினார்.

கட்டி வைத்த சாக்குகளில் ஒரு பகுதி இன்னும் மேற்குக் கரையில், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. சேறு உலராமல் ஏற்ற மாட்டோம் என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார். காய்ந்ததும் போய்விடும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் தீப்பெட்டியோடு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குளத் திருப்பணிக் குழு