கோபெனிக் கேப்டனை முதல் காட்சியிலிருந்தே காட்டுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அடுத்த திரையிடலுக்கு ஜெர்மன் இயக்குநர் ஹெல்முட் கொய்ட்னர் இயக்கிய ‘கோபெனிக் கேப்டன்’ படத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அதே கடிதத்தில், முற்பகுதி மெதுவாக நகர்கிறது, நாயகன் சீருடை அணிந்த பிறகுதான் சிரிப்பே வருகிறது, ஆகவே மாணவர்களுக்கு அங்கிருந்து காட்டினால் போதும் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். இதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அந்தப் படத்தில் வெட்டி எறிய எதுவுமே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்படி ஓர் எண்ணம் வேறு நண்பர்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உண்மை நிகழ்ச்சி நீங்கள் அறிந்ததுதான். வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியைச் சிறையில் கழித்த வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற 57 வயதுச் செருப்புத் தொழிலாளி, 1906 அக்டோபர் 16 அன்று, பழைய துணிக்கடைகளில் வாங்கிய ராணுவ கேப்டன் உடையை அணிந்து, தெருவில் எதிர்ப்பட்ட சிப்பாய்களைத் தன் பின்னால் வரச்சொல்லி, பெர்லினுக்கு அருகே அப்போது தனி நகரமாக இருந்த கோபெனிக்கிற்கு ரயிலில் போய், நகரமன்றத்தைக் கைப்பற்றி, மேயரைக் கைது செய்து, கருவூலத்தில் இருந்த 3,500 மார்க்குக்கும் அதிகமான பணத்தை ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துச் சென்றார். பத்து நாளில் பிடிபட்டார். நான்கு ஆண்டுத் தண்டனை பெற்றவரைப் பேரரசரே 1908இல் மன்னித்து விடுவித்தார். இதை 1931இல் நாடகமாக்கிய கார்ல் சுக்மாயர், நாஜி ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1956இல் படம் வந்தபோது அவரும் கொய்ட்னரும் சேர்ந்தே திரைக்கதை எழுதினார்கள்.

சீருடைக்கு மண்டியிடும் சமூகத்தைப் பற்றிய கேலி என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. படத்தின் உயிர் காகிதத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. சிறையிலிருந்து வெளியே வந்த ஃபோக்ட், போட்ஸ்டாம் காவல் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி கேட்கிறார். வேலை இருந்தால்தான் அனுமதி தர முடியும் என்கிறார்கள். வேலை கேட்கப் போன இடத்தில், அனுமதிச் சீட்டு இருந்தால்தான் வேலை என்கிறார்கள். இங்கே இருக்க விடாவிட்டால் நாட்டை விட்டுப் போகவாவது கடவுச்சீட்டு கொடுங்கள் என்றால் அதுவும் இல்லை. இந்தச் சுற்றில் வில்லன் என்று எவருமே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒவ்வொருவரும் தமக்கு இடப்பட்ட விதியைத்தான் சொல்கிறார்.

1956இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதையாகத் தோன்றியிருக்க முடியாது. போர் முடிந்தபின், குண்டுவீச்சில் அழிந்த ஜெர்மன் நகரங்களில் குடியேறத் தனி அனுமதி தேவைப்பட்டது. அது இல்லாதவருக்கு வீடும் ஒதுக்கப்படாது, ரேஷன் அட்டையும் கிடைக்காது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வந்து சேர்ந்திருந்த காலம் அது. இந்தக் காகிதத்துக்காகத் தாமே வரிசையில் நின்றவர்கள்தான் பத்தே ஆண்டுகளில் சீட்டு வாங்கிக்கொண்டு ஃபோக்ட்டைப் பார்க்க வந்தார்கள். தயாரிப்பாளர் க்யூலா ட்ரெபிச், நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஹங்கேரி யூதர். இரண்டு ஜெர்மனிகளுக்கு இடையிலான எல்லை மனிதர்களை எப்படிக் கூறுபோடுகிறது என்பதை முந்தைய ஆண்டுதான் கொய்ட்னர் தனியொரு படமாகவே எடுத்திருந்தார். கோபெனிக் நகரமே அப்போது கிழக்கு பெர்லினுக்குள் போய்விட்டது. படப்பிடிப்பு ஹாம்புர்க்கில் நடந்தது.

முற்பகுதியை நீக்கினால் நீங்கள் இழக்கப்போகும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். தங்கை வீட்டில் ஒதுங்கியிருக்கும் ஃபோக்ட்டுக்கு, அந்த ஊரை விட்டே வெளியேறச் சொல்லும் உத்தரவு வருகிறது. தங்கை கணவர் ஹோப்ரெஹ்ட் நல்ல மனிதர். அரசாங்கத்தின் ஒழுங்கில் முழு நம்பிக்கை கொண்டவர். எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு அவருக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்கிறார். அப்போது ஃபோக்ட் கேட்கிறார்: நாளை கடவுளின் முன் நிற்கும்போது, உன் வாழ்க்கையை வைத்து என்ன செய்தாய் என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? சிறையில் கால்மிதி பின்னினேன், எல்லோரும் அதன்மேல் மிதித்துப் போனார்கள் என்றா சொல்வேன்? நகைச்சுவை வேடங்களால் நாடே கொண்டாடிய ஹைன்ஸ் ரூமான், அப்போது 54 வயதில், ஃபோக்ட்டாக இந்த இடத்தைத் தாங்கி நிற்பதைப் பார்க்காதவர்கள் அவருடைய நடிப்பைப் பார்த்ததாகவே நான் கொள்ள மாட்டேன்.

சீருடைக்கும் முற்பகுதியில் தனிக் கதை உண்டு. கேப்டன் ஒருவருக்காகத் தைக்கப்பட்ட அது, அவர் ஒரு கைகலப்பில் சிக்கிப் பதவியை இழந்ததும் கைமாறி, ரிசர்வ் லெஃப்டினன்ட்டும் கோபெனிக் மேயருமான ஓபர்முல்லரிடம் போகிறது. பிறகுதான் பழைய துணிக்கடைக்கு வருகிறது. ஆக, மேயரைக் கைது செய்ய வருவது அவர் தாமே அணிந்து கழித்த உடை! இது தெரியாமல் நகரமன்றக் காட்சியைப் பார்க்கும் மாணவர் எதற்காகச் சிரிப்பார்? மேயர் ஆணைப் பத்திரம் கேட்கிறார். ஃபோக்ட் தன் பின்னால் நிற்கும் சிப்பாய்களைக் காட்டுகிறார். பேச்சு அத்தோடு அடங்குகிறது. ஆயுள் முழுதும் காகிதம் கேட்டே விரட்டப்பட்டவரிடம், அவர் காகிதமே இல்லாமல் வந்து நிற்கும் அன்றைக்கு எவரும் அதை வற்புறுத்தவில்லை. அடுத்து அவர் கடவுச்சீட்டு அலுவலகம் எங்கே என்று விசாரிக்கிறார். கோபெனிக்கில் அப்படி ஓர் அலுவலகமே கிடையாது. முதல் பாதியின் வலி தெரிந்தவர்களுக்குத்தான் இந்த இடத்தில் சிரிப்பும் துக்கமும் ஒரே மூச்சில் வரும்.

மேற்கு ஜெர்மனியின் புதிய ராணுவம் 1955 நவம்பரில் உருவானது, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1956 ஜூலையில் நிறைவேறியது, படம் ஆகஸ்டில் வெளிவந்தது. நாட்டில் சீருடை மறுபடியும் வந்த நேரத்தில்தான் படம் வந்தது என்பதைக் காட்டும் இந்த வரிசையை மட்டும் திரையிடலுக்கு முன் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற செய்தியெல்லாம் சுவரொட்டிக்குப் போதும்.

அரங்கம் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கிறது என்பதை அறிவேன். படத்தில் கைவைக்க வேண்டாம். தொடக்க உரைக்கென்று எனக்கு ஒதுக்கியிருக்கும் இருபது நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்