இரண்டாவது கன்ட்ரோலர்

அண்ணா,

வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்பைக் கையளிக்கிறோம். பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பின்னால் கிடந்த பெட்டிக்குள் அந்தத் தங்க நிறக் கேசட் இருந்தது. செல்டா இரண்டு, நிண்டெண்டோவில் நாங்கள் விளையாடிய கேம். நீங்கள் ஊதி ஊதியே பிடிக்கவைத்த கறள் இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட ஆட்கள் இருக்கிறார்கள். கேமைப் பற்றி மட்டும்.

போன மாதம் அதை முடித்தேன். நிண்டெண்டோவின் புதிய கருவி ஸ்விட்சில்தான், செத்தால் பின்னுக்குப் போய்த் திரும்ப விளையாடும் ரிவைண்ட் வசதியோடு. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் அந்த வசதி இருந்தும் டெத் மவுன்டன் குகைகளுக்குள் கை வேர்த்தது. அந்த முதலைத் தலையர்கள் எறியும் கோடரியைக் கேடயம் இன்றைக்கும் தடுப்பதில்லை. முதல் செல்டாவை விரும்பியவர்கள் இதை ஏன் வெறுத்தார்கள் என்று இப்போது நன்றாக விளங்குகிறது. மேலிருந்து பார்த்து விளையாடிய கேமைச் சண்டைக்குப் பக்கவாட்டில் திருப்பி, புள்ளி சேர்த்து வளரச் சொல்லி, கையில் மூன்றே உயிரைக் கொடுத்தார்கள். மூன்றும் போனால், இளவரசி தூங்கும் வடக்கு அரண்மனையிலிருந்து திரும்ப நடை. அரைகுறையாய்ச் சேர்த்த புள்ளியும் பூச்சியம். 1987-இல் ஜப்பானில் வந்தது, அடுத்த வருட டிசம்பரில் அமெரிக்காவுக்கு வந்தது. இன்றுவரை ஆட்கள் இரண்டு பக்கமாக நின்று சண்டை பிடிக்கிறார்கள்.

நான் உங்கள் பக்கம். அயர்ன்னக்கிள் என்ற கவச வீரனோடு நேருக்கு நேர் நிற்கும்போது, அவன் கேடயத்தை உயர்த்தினால் நீங்கள் குந்திக் குத்துவீர்கள், தாழ்த்தினால் எழும்பிக் குத்துவீர்கள். அந்த மாதிரி வாள்சண்டை பிறகு வந்த எந்தச் செல்டாவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

1993 ஜனவரி. ஆறு அரண்மனையும் முடிந்து, கடைசிப் பேரரண்மனையின் வாசலில் நீங்கள். பக்கத்தில் நான், இரண்டாவது கன்ட்ரோலரோடு. ஒருவர் விளையாடும் கேமில் அதற்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: சாகாமல் சேமிக்க, அதில் மேல் அம்பையும் ஏ-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். நீங்கள் "இப்ப" என்பீர்கள், அழுத்துவேன். எனக்கு ஒருக்கால் தாருங்கோ என்றால் "இந்த அரண்மனை முடியட்டும்" என்பீர்கள். ஆறும் முடிந்திருந்தது, அண்ணா.

பாத்திரம் கழுவும் வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். கோட்டுக்குள் கையை விட்டபடியே, "ரீசெட்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு பவரை நிப்பாட்டு" என்றீர்கள். திரையிலும் அதேதான் எழுதியிருந்தது. நான் பவரை மட்டும் அழுத்தினேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. சேமித்தது அழிந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரியாது, ஒன்பது வயது. அழிந்தால் அழியட்டும் என்றிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒரு முழு மாரி காலம் மேல் அம்பும் ஏ-யும் மட்டும் அழுத்திய பிள்ளை வேறென்ன செய்யும்?

நீங்கள் ஏசவில்லை. கேமைச் சேமிக்கும் முதலாம் இடம் வெறுமையாய் இருந்ததைப் பார்த்துவிட்டு, "பற்றறி போயிருக்கும்" என்று எனக்குப் பதிலாக நீங்களே காரணம் சொன்னீர்கள். அன்றைக்கே முதல் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதைத் தொடவே இல்லை. எல்லாவற்றிலும் உங்கள் வழக்கம் இதுதானே. நீங்களே தீர்ப்புச் சொல்லி, நீங்களே மன்னித்து, நீங்களே எழும்பிப் போய்விடுவீர்கள். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் கதவு சாத்தியிருக்கும். சரி, இது கேம் பற்றியது இல்லை, விடுகிறேன்.

கடைசியில் யார் வருகிறான் தெரியுமா? நீங்கள் அதுவரை போகவே இல்லையே. பேரரண்மனையைக் காக்கும் தண்டர்பேர்டைக் கொன்ற பிறகு, நாங்கள் ஆட்டுவிக்கும் நாயகன் லிங்கின் நிழலே வாளோடு எழும்பி வருகிறது. நாலு தரம் செத்தேன். அப்புறம் எல்லோரும் சொல்லும் அந்தக் குறுக்குவழிதான்: இடது மூலையில் குந்திக்கொண்டு குத்திக்கொண்டே இருந்தால், நிழல் தானாக வந்து குத்து வாங்குகிறது. வெட்கமாக இருந்தது. நீங்கள் என்றால் எழும்பி நின்று செத்திருப்பீர்கள்.

கேசட்டைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். பற்றறியை மாற்றக் கொடுத்திருக்கிறேன், மூன்று இடமும் வெறுமை. வீட்டு முகவரி மாறியிருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.

தம்பி