தாராபுரத்து நண்பனுக்கு: மெதுவாகத் துடிக்கும் நாடி பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சென்னியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. உங்கள் பக்கம் காற்று இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். தூசி இருமல்காரர்களால் உன் கிளினிக் நிறைந்திருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வயதானவருக்கு நாடி நிமிடத்துக்கு 45 என்றாலே சின்ன டாக்டர்கள் பேஸ்மேக்கர் வைக்கக் கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதிவிடுகிறார்கள், எந்த இடத்தில் நின்று யோசிக்கச் சொல்லலாம் என்கிறாய். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கும் எஸ்.ஏ. நோடு (சைனஸ் நோடு) எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கு ஒருமுறை சரியாகப் புரிந்துவிட்டால் போதும். அதைக் கெட்டுப்போனது என்று எழுதுவதற்கு முன்னால், அதை யார் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மேற்பெருஞ்சிரை வலது மேலறைக்குள் இறங்கும் மூலையில், வெளிப்புறமாக சல்கஸ் டெர்மினாலிஸ் என்ற பள்ளம் ஓடுகிறது. அதற்கு நேர் உள்ளே கிரிஸ்டா டெர்மினாலிஸ் மேடு. அந்தப் பள்ளத்துக் கொழுப்புக்கடியில், எபிகார்டியம் என்ற இதயத்தின் வெளியுறையிலிருந்து 1 மி.மீ.க்கும் குறைந்த ஆழத்தில் நோடு படுத்திருக்கிறது. நீளம் 10 முதல் 20 மி.மீ., அகலம் 3 மி.மீ. அளவு, தடிமன் 1 முதல் 2 மி.மீ. தலை பருத்து, வால் மெலிந்து, கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கமாக நீண்டு போகும். வெறுங்கண்ணால் பார்த்தால் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்தறிய முடியாது. இவ்வளவு மேலாக இருப்பதால்தான் மேற்பெருஞ்சிரையில் குழாய் போடும் அறுவை மருத்துவர் அந்த மூலையைத் தொடாமல் ஒதுங்கித் தையல் போடுகிறார்.

நடுவே ஒரு தமனி ஊடுருவிப் போகிறது. சுமார் 60 சதவீதம் பேருக்கு அது வலது கொரோனரித் தமனியிலிருந்து வருகிறது, 40 சதவீதம் பேருக்கு இடது பக்கத்து சர்க்கம்ஃப்ளெக்ஸ் கிளையிலிருந்து. இதயத்தின் அடிப்பக்கச் சுவரைத் தாக்கும் இன்ஃபீரியர் மாரடைப்பின் முதல் சில மணி நேரத்தில் நாடி விழுவதற்கு இந்தத் தமனி ஒரு காரணம். பெரும்பாலும் அதைவிட முக்கியமான காரணம் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் அனிச்சை. அதனால்தான் அந்த நேரத்தில் வேகஸை அடைக்கும் அட்ரோபின் பலிக்கிறது.

தசை இழைகளைவிட இணைப்புத் திசு எடுத்துக்கொள்ளும் இடம் அங்கே பெரியது. வயது ஏற ஏற அது இன்னும் கூடும். துடிப்பைக் கிளப்பும் பேஸ்மேக்கர் செல்கள் சிறியவை, வெளிறியவை, 5 முதல் 10 மைக்ரான் குறுக்களவு. சுருங்கும் இழைகள் அவற்றில் அதிகம் இல்லை. பக்கத்து மேலறைத் தசையோடு அவை தாராளமாக ஒட்டிக்கொள்வதும் இல்லை. செல்லுக்குச் செல் மின்சாரம் பாய வழிவிடும் புரதங்களில், மேலறையில் நிறைந்திருக்கும் கனெக்சின் 43 நோட்டின் நடுவில் கிட்டத்தட்ட இல்லை. அங்கிருப்பது மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும் கனெக்சின் 45. குறைபாடு மாதிரித் தோன்றும், ஆனால் நோடு பிழைத்திருப்பதே இதனால்தான். சின்ன வாய்க்கால் தண்ணீரைக் காய்ந்த காட்டில் நீளவாக்கில் எல்லா இடத்திலும் உடைத்துவிட்டால் தலைமடையிலேயே மண் குடித்துத் தீர்த்துவிடும். ஓரிரண்டு மடை வழியாக விட்டால் கடைசி வரைக்கும் பாயும். நோட்டின் மின்னோட்டமும் சில குறுகிய வாசல்கள் வழியாகத்தான் மேலறைக்கு வெளியேறுகிறது. மற்ற ஓரமெல்லாம் நார்த்திசுவும் கொழுப்பும் அடைத்து நிற்கின்றன. அந்த வாசல்கள் நார்பிடித்து அடைபட்டால் நோடு உள்ளே ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும், வெளியே நாடி மட்டும் தவறும். எக்ஸிட் பிளாக் என்பது இதுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை உனக்குப் பிடிக்கும். ஸ்டானியஸ் 1852லேயே தவளை இதயத்தில் சைனஸுக்கும் (சிரை ரத்தம் வந்து சேரும் அறை) மேலறைக்கும் நடுவே நூலால் கட்டினார். சைனஸ் துடித்துக்கொண்டே இருந்தது, கீழே எல்லாம் நின்றது. துடிப்பு எங்கே பிறக்கிறது என்பதற்கு அதுவே பதில். பாலூட்டிகளில் அந்த இடத்தைக் காண இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கடத்தும் கற்றையை 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் காட்டினார். ஆஷோஃபிடம் வேலை செய்த சுனாவோ தவாரா 1906இல் அந்தக் கற்றையின் தலைப்பில் இருக்கும் ஏ.வி. நோட்டைக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தின் கென்ட் கிராமப்புறத்தில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்ற பிராணியின் இதயத்தைச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மேலறையில் விசித்திரமான ஒரு திசுவைக் கண்டார். ஆர்தர் கீத்தும் அவரும் 1907இல் அதை வெளியிட்டார்கள். துடிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதை 1910 வாக்கில் தாமஸ் லூயிஸ் மின்பதிவால் நிறுவினார்.

இனி ஓடும் விதம். கீழறைச் செல் ஓய்வில் மைனஸ் 85, 90 மில்லிவோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. அப்படிப் பிடித்து வைப்பது ஐ.கே.1 என்ற பொட்டாசியம் மின்னோட்டம். எஸ்.ஏ. நோடு செல்லில் அது இல்லாததுபோலத்தான். ஆகவே ஓய்வு என்ற நிலையே அதற்குக் கிடையாது. ஒரு துடிப்பு முடிந்து மைனஸ் 60 வரை இறங்கியதும் உடனே மேலே நகரத் தொடங்கிவிடுகிறது. மற்ற சேனல்கள் (செல் சவ்வில் அயனிகள் புகும் கதவுகள்) மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். எச்.சி.என்.4 என்ற சேனல் மட்டும் இறங்கினால் திறக்கும். சோடியம் உள்ளே கசிகிறது. 1979இல் இந்த மின்னோட்டத்தைப் பதிவு செய்தவர்கள் அதன் தலைகீழ் குணத்தைப் பார்த்து ‘ஃபன்னி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள், இன்றும் அதன் சுருக்கப் பெயர் ஐ.எஃப். தான்.

அது மட்டும் போதாது. செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் சார்கோபிளாஸ்மிக் வலையிலிருந்து கால்சியம் துளித்துளியாகச் சிந்துகிறது. அதை வெளியேற்றும் சோடியம்-கால்சியம் மாற்றி ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே விடுவதால், அந்த மாற்றமே மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்திவிடும். சவ்வும் கால்சியமும் சேர்ந்து மைனஸ் 40க்குக் கொண்டுபோனதும் எல் வகைக் கால்சியம் சேனல் திறந்து துடிப்பு எழுகிறது. இங்கே ஒன்றைக் கவனி. மேலறையிலும் கீழறையிலும் ஏற்றம் சோடியத்தால், நோட்டில் கால்சியத்தால். கால்சியம் சேனலை அடைக்கும் வெராபமிலும் டில்டியாஸமும் நோட்டைப் பிடிப்பது இதனால்தான். அதே வகை மருந்தான அம்லோடிபின் வழக்கமான அளவில் ரத்தக்குழாயைத் தளர்த்துவதோடு நின்றுவிடும், நோட்டைத் தொடாது.

வேகத்தை வைத்திருப்பது யார் என்பதற்கு ஹோஸே, காலிசன் இருவரும் 1970இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. இதயத்தை முடுக்கும் சிம்பதெட்டிக் நரம்பைப் புரோப்ரனலால் கொடுத்தும், மெதுவாக்கும் வேகஸை அட்ரோபின் கொடுத்தும் அடைத்துவிட்டால் எஞ்சும் துடிப்பு: 118.1-லிருந்து, வயதை 0.57-ஆல் பெருக்கிக் கழித்தது. 20 வயதில் 107, 50இல் 90, 70இல் 78. அந்த 20 வயதுப் பையன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 தானே துடிக்கிறது? அப்படியானால் நாள் முழுக்க வேகஸ் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாற்று இதயம் பொருத்தியவருக்கு நரம்பு அறுபட்டிருப்பதால் ஓய்விலேயே 90 முதல் 110 ஓடும்; அங்கே அட்ரோபின் போட்டும் பயனில்லை.

வேகஸின் அசிடைல்கோலின் பொட்டாசியம் கதவைத் திறந்து செல்லை இன்னும் கீழே இறக்கும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சி.ஏ.எம்.பி.யையும் குறைக்கும். சிம்பதெட்டிக் அதற்கு மாறாக சி.ஏ.எம்.பி.யைக் கூட்டும், அது எச்.சி.என்.4-இல் நேரடியாகவே போய் ஒட்டிக்கொண்டு கதவைச் சீக்கிரம் திறக்கும். வேகம் கூடும்போது முதலில் துடிக்கும் இடமும் தலைப்பக்கம் நகரும், குறையும்போது வால்பக்கம் நகரும். ஈ.சி.ஜி.யின் இரண்டாம் லீடில் பி அலை (மேலறைத் துடிப்பின் பதிவு) வேகத்தில் உயர்ந்தும் மெதுவில் தணிந்தும் தெரிவது இதனால்தான். அதை நோய் என்று எழுதக் கூடாது. மூச்சு இழுக்கும்போது நாடி கூடி, விடும்போது குறைவதும் அப்படியே. உண்மையில் அது காணாமல் போனால்தான் நீரிழிவு நரம்புக் கோளாறை நினைக்க வேண்டும்.

சரி, 45 துடிக்கும் பெரியவர் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முதலில் இரண்டாம் லீடை நீளமாக ஓடவிடு. பி அலை இருக்கிறதா, இரண்டாம் லீடில் நிமிர்ந்திருக்கிறதா, ஒவ்வொன்றின் பின்னும் கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். வருகிறதா? அடுத்தது பலரும் தவறவிடுவது: கியூ.ஆர்.எஸ்.ஸுக்குப் பின் வரும் டி அலைக்குள் ஒரு பி ஒளிந்திருக்கிறதா என்று உற்றுப் பார். முன்கூட்டியே வந்த மேலறைத் துடிப்பு கீழே இறங்காமல் போனால், ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்து அப்படி நடந்தால், அச்சு அசலாக சைனஸ் பிராடி (நோடே மெதுவாகத் துடிப்பது) போலவே இருக்கும். இடைவெளி விழுந்தால் ஸ்கேல் வைத்து அள. சாதாரண பி-பி தூரத்தின் சரியாக இரண்டு மடங்கு என்றால் எக்ஸிட் பிளாக். பி-பி சுருங்கிச் சுருங்கி வந்து, இரண்டு மடங்குக்கும் குறைவான இடைவெளி விழுந்தால் அதுவும் எக்ஸிட் பிளாக், வென்கபாக் வகை. எந்த மடங்கிலும் சேராவிட்டால் சைனஸ் நின்று கிளம்பியிருக்கிறது.

அடுத்து மருந்துப் பை. மெட்டோபிரலால், டிகாக்ஸின், டில்டியாஸம், குளோனிடின், அமியோடரோன் இவையெல்லாம் எல்லோரும் கேட்பார்கள். சிம்பதெட்டிக்கை அடைக்கும் பீட்டா பிளாக்கரான டிமொலால் கண் சொட்டு மருந்தை யாரும் கேட்பதில்லை, நோயாளியும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி நேராக ரத்தத்தில் கலப்பதால் கல்லீரலின் முதல் வடிகட்டல் அதற்கு இல்லை. ஆகவே சொட்டு என்று இளக்காரம் வேண்டாம். மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசிலும் அப்படித்தான், வேகஸின் வேலையைத்தான் அது செய்கிறது. ஐவாப்ரடின் 5 மி.கி. இரண்டு வேளை என்று யாராவது எழுதியிருக்கலாம், அது எச்.சி.என். கதவை அடைக்கும் மருந்து. கண்ணில் மின்னல் தெரிகிறது என்பார்கள், விழித்திரையிலும் அதே குடும்பச் சேனல் உண்டு. அதோடு டில்டியாஸம், வெராபமில் சேரவே கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நிலை) சைனஸே ஆட்சியில் இல்லாததால் ஐவாப்ரடின் கொடுத்தும் பலனில்லை.

பிறகு ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு). பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தால் பொட்டாசியம் ஏறும், நாடி விழும், நாடி விழுந்ததால் சிறுநீரக ஓட்டம் இன்னும் குறையும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்கும் சுழல் அது. பொட்டாசியம் 6 தான் இருக்கிறதே என்று அலட்சியம் கூடாது. பி அலை மறைந்து போனாலும் நோடு செத்ததாகப் பொருளில்லை. மேலறைத் தசை பொட்டாசியத்துக்கு முதலில் மசியும், நோடு தாக்குப்பிடிக்கும்.

இதெல்லாம் கழிந்த பிறகு எஞ்சுவதுதான் நோடு நோய். அதிலும் 2018 அமெரிக்க வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: இந்த எண்ணுக்குக் கீழே போனால், இத்தனை விநாடி நின்றால் பேஸ்மேக்கர் என்ற வரம்பு எஸ்.ஏ. நோடு நோயில் கிடையாது. கண் இருட்டிக்கிட்டு வருதுங்க என்று அவர் சொல்லும் நேரமும் நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதியும் ஹோல்டரில் நாடி விழும் நேரமும் பொருந்த வேண்டும். தூக்கத்தில் 35க்கு இறங்கி விழித்தால் சரியாகிறவருக்குக் குறட்டையைப் பற்றிக் கேள், ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இருக்கலாம். நடக்கச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது: வராந்தாவில் இரண்டு சுற்று நடந்து நாடி 85, 90க்கு ஏறினால் நோட்டில் இன்னும் சரக்கு இருக்கிறது, ஏறாமல் 50இலேயே நின்று மூச்சு வாங்கினால் அதுவே அறிகுறி.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறும் உண்டு. படபடப்பு என்று வருகிறவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நின்ற கையோடு 5 விநாடி இதயம் நின்று கண் இருட்டுகிறது. வேகமாக அடிபட்ட நோட்டில் சோடியம் தேங்கி, அதை வெளித்தள்ளும் பம்ப் செல்லை அதிகமாகக் கீழே இறக்கிவிடுவதால் கிளம்ப நேரமாகிறது. நல்ல நோடு ஒன்றரை விநாடிக்குள் எழுந்துவிடும். இப்படிப்பட்டவருக்குப் படபடப்பைப் பார்த்து பீட்டா பிளாக்கரைக் கூட்டினால் விழுந்து தலை உடையும். இவர்கள்தான் கருவி தேவைப்படுகிறவர்கள். அதிலும் கீழறைக்கு மட்டும் லீடு (கருவியின் கம்பி) போட்டால் ஃபிப்ரிலேஷன் கூடுகிறது; மேலறையைத் தூண்டும் இரட்டை லீடுதான் சரி.

1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சனுக்குக் கோளாறு இருந்தது எஸ்.ஏ. நோட்டில் இல்லை, முழு இதயத் தடை, அதாவது மேலறைத் துடிப்பு எதுவும் கீழறைக்கு இறங்காதது. 2001 வரை வாழ்ந்தார். முழுத் தடைக்காரரை நிறுத்திவைத்து யோசிக்க வேண்டாம், அன்றே அனுப்பச் சொல்.

உன் பக்கம் வயலுக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி விஷத்தில் நாடி விழுவதும் வேகஸ் வழிதான். ஆனால் அங்கே மெதுவான நாடிக்குப் போடும் 1 மி.கி. அட்ரோபின் கணக்கு செல்லாது. 2, 3 மி.கி.யில் தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் நீர்ச்சத்தம் நீங்கி நாடி 80 தாண்டும் வரை. நாடி 100 இருக்கிறதே என்று அட்ரோபினை நிறுத்திவைக்கவும் கூடாது, விஷம் சிம்பதெட்டிக்கையும் தூண்டும் நிகோட்டினிக் விளைவால் தொடக்கத்தில் வேகமாகவும் இருக்கலாம். அரளி விஷம் வேறு வழி: சோடியம் பம்பையே அடைப்பதால் நோடும் ஏ.வி. நோடும் சேர்ந்து படுக்கும், பொட்டாசியம் ஏறும். வந்தபோது நாடி நன்றாக இருந்தாலும் மானிட்டரில் வைத்திருக்க வேண்டும்.

சந்தேகமான ஈ.சி.ஜி. இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்பு. 12 லீடும், இரண்டாம் லீடின் நீளப் பட்டையும், மருந்துப் பட்டியலும் சேர்ந்து வரட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி