காட்டுப்பாதையில் என்னோடு நடந்த சாமிமாருக்கு

திருக்கோயில் ஊரிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரையில் கூட வந்த சாமிமாரே, அம்மாமாரே,

உங்களில் ஒருவரின் பேரும் எனக்குத் தெரியாது. அதனால்தான் நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

பொத்துவிலில் படலையடியில் குடத்தோடு நின்று தண்ணீர் வார்த்த முஸ்லிம் காக்காவுக்கும், பாணமையில் இளநீர் வெட்டித் தந்த சிங்கள அண்ணனுக்கும் முதலில் கும்பிடு.

காட்டு வாசலான உகந்தை வரைக்கும் நான் யாரென்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். 31 வருஷம் ஆசிரியர், பிறகு அதிபர், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் குடும்பம். "அப்படியா சாமி" என்றுவிட்டு நடந்தீர்கள். காட்டுக்குள் அதிபரும் சாமி, மேசனும் சாமி, பள்ளிக்கூடப் பிள்ளையும் சாமி. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சொல் முதலில் என்னைச் சுட்டது.

குமண தாண்டி, கும்புக்கன் ஆறு கடந்து, நாவலடிக்குப் போகிற வெட்டைவெளியில் எனக்குத் தலை சுற்றியது. கல்லாற்றுத் தம்பி, கேட்காமலே என் பையைத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். "பாரத்தை என்னட்டத் தாங்க சாமி, கையை வீசி நடங்க." மண்டூர் அம்மா, மிச்சமிருந்த தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து வார்த்தீர்கள். எல்லாரும் குடித்த பிறகுதான் நீங்கள் வாய் நனைத்தீர்கள்.

கோயில் மரியாதையான காளாஞ்சியை மச்சானுக்கு அடுத்ததாகத்தான் எனக்குத் தந்தார்கள் என்று மூன்று வருஷம் ஊர்க்கோயில் வாசலை மிதிக்காதவன் நான். அந்த வெட்டையில் பத்தாவது ஆளாய் நின்று, இரண்டு கையும் ஏந்தி, ஒரு மூடித் தண்ணீர் வாங்கினேன். ஆணவம் செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே கிடக்கிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அது எனக்குள்ளும் கிடக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு வெறும் மணலில் படுத்தேன். பென்சன் எடுத்த பிறகு அப்படியொரு நித்திரை எனக்கு வந்ததேயில்லை. விடியப்புறம் யாரோ "அரோகரா" என்றபோது, கேட்பதற்கு ஒன்றுமில்லாமல், மனம் நிறைந்து கும்பிட்டேன். முருகனிடம் அதுவரை நான் வேண்டாமல் கும்பிட்டதில்லை.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனேன். மச்சான் வாங்கிய பிறகு நானும் காளாஞ்சிக்குக் கை நீட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளிவீதியில் என் செருப்புக் கிடந்த இடம்வரை கூடவே வந்தார்.

கல்லாற்றுத் தம்பி, உங்கட பச்சைத் துவாய் என் பையோடு வந்துவிட்டது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். சந்தியில் கொண்டுவந்து நிற்கச் சொன்னாலும் வாறன் சாமி.