நெல்லின் அடியைப் பார்க்காத கைபேசிச் செயலி

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புப் படுவான்கரையில் மூன்று ஏக்கர் நெல் வேளாண்மை செய்கிறேன். போன பெரும்போகத்தில், கதிர் வெளிவருமுன் பயிர் குடலையாக நின்ற நேரம், வயல் நடுவில் ஒரு பாய் அளவுக்கு இலைகள் மஞ்சளாகிக் காயத் தொடங்கின. கைபேசிச் செயலி ஒன்றில் இலையைப் படம் பிடித்துக் காட்டினேன். கபிலப் புள்ளி நோய், பங்கசு நாசினி விசிறுங்கள் என்றது. கடனுக்கு வாங்கி விசிறினேன். நாலாம் நாள் பாய் அளவு களம் அளவாகிவிட்டது.

அப்புறம்தான் பக்கத்து வயல் அண்ணன் இறங்கி, பயிரை இரு கையாலும் விலக்கி அடித்தண்டைத் தட்டினார். தண்ணீரில் உதிர்ந்தது முழுக்க அறக்கொட்டியான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. இலையை எத்தனை படம் பிடித்தாலும் அகப்படாது.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விவசாயப் போதனாசிரியர் எத்தனை வயல் வட்டைக்குத்தான் போவார்?

கணினி படிக்கும் என் மருமகன் 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை விளங்கப்படுத்தினான். 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்களை வைத்துக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னதாம். வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பழக்கிய படங்கள் பிடுங்கிய ஒற்றை இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. அந்த 14 பயிரில் தக்காளி உண்டு, உருளைக்கிழங்கு உண்டு, நெல் இல்லை! இன்னொன்றும் சொன்னான்: இப்படிப் பழக்கிய கணினி, தனக்குச் சொல்லிக்கொடுத்த பெயர்களில் ஒன்றைத்தான் சொல்லும். தெரியாத பூச்சிக்கும் ஏதோவொரு நோயின் பெயரை வைத்துவிடும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் போதனாசிரியர்களோடு எங்கள் வயலுக்கு வரவேண்டும். வெயிலிலும் மழையிலும், சேறும் நிழலும் விழ, அடித்தண்டோடு சேர்த்துப் படம் எடுக்கவேண்டும். மருந்தின் பெயரைச் சொல்லுமுன் செயலி, "பயிரை விலக்கி அடியைக் காட்டுங்கள்" என்று தமிழில் கேட்கட்டும். விளங்காவிட்டால் விளங்கவில்லை, விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1920க்கு அழையுங்கள் என்று சொல்லட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் அரை ஏக்கர் தப்பியிருக்கும்.

வருகிற பெரும்போகத்தில் ஒரு மூலையை மருந்தடிக்காமல் விட்டுவைக்கிறேன். காலையில் வெயில் ஏறுமுன் வாருங்கள், வரம்பு வரை மோட்டார் சைக்கிள் வரும்.

பெண் விவசாயி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை